மூச்சு வாங்குதா என்று கேட்டார்கள்

மார்ச் 4, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூலில் இன்று என் கடைசி மாணவி. வங்கியில் வேலை பார்ப்பவள். மூன்று வாரமாக ரிவர்ஸ் வராமல் என் உயிரை வாங்கியவள், இன்று ஒரே தடவையில் எடுத்து நிறுத்திவிட்டாள். இறங்கும்போது, "டெஸ்ட் அன்னிக்கு நீங்கதானே கூட வருவீங்க?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். எதிராளி முகம் வாடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது என் பழக்கம். உண்மையில் என் பக்கத்து பிரேக்கை அழுத்தக்கூட காலில் தெம்பில்லை. ஓனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தேன்.

பதினாறு வருஷம். ஒரு வண்டியையும் இடித்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வகத்தில் ரத்தம் எடுத்த பெண் என் மஞ்சள் கண்ணைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மேடம், பழக்கம் ஏதாவது..?" இந்தக் கேள்விக்கு இனி நெற்றியில் பதில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சொட்டு குடித்ததில்லை அம்மா. என் உடம்பின் காவல்காரர்களே திருடன் என்று நினைத்துக் கல்லீரலை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

மாற்று அறுவை டாக்டரைப் பார்த்தோம். நான், இவர், தம்பி. தம்பி லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவன் பெயர் பீப்பாய். கல்லீரலில் பாதி தருகிறேன் என்று அவனாகவே முன்வந்தவன். ரத்த வகை பொருந்திவிட்டது. ஆனால் அவன் கல்லீரலில் கொழுப்பு. எட்டு கிலோ குறைக்காமல் கை வைக்க மாட்டாராம்.

"பத்தா குறைச்சா அக்காவுக்கு ஏதாவது போனஸ் உண்டா டாக்டர்?" என்றான். அந்த மனிதர் சிரித்தேவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். பத்தொன்பது வயதில் குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்தார்களே, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது ரத்தம் கொட்டலாம். கல்லீரல் கெட்டதால் ரத்தம் சீக்கிரம் உறையாது. ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் மட்டும் பாதி உறைந்து கிடக்கிறது! சிறுநீரகம் கொஞ்சம் திணறுகிறது. தசையெல்லாம் கரைந்துவிட்டது.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச ஆபத்து. தெரிஞ்சா ஏற்பாடு பண்ணிக்கலாம். தெரியாம ஒண்ணு உள்ள இருந்தா அதுதான் நடுவுல எங்களைக் கவுத்துடும்."

அடுத்த அறையில் மயக்க மருந்து டாக்டர். ஒல்லியான பெண், என்னைவிடச் சின்னவள். "படியேறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

மார்ச் 20

ஏன் அப்படிச் சொன்னேன்? வெளியே வரிசையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், இதயம் பலவீனம் என்று அவருடைய மச்சானைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அது காதில் விழுந்த பத்தாவது நிமிஷம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வேறென்ன சொல்வேன்?

மார்ச் 23, ஞாயிறு

வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல. இவர் கவனிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

பீப்பாய் வந்தான். டப்பாவில் வேகவைத்த காய்கறி. தண்டனைக் கைதி மாதிரி மென்றான். "இது தின்னுட்டு உயிரோட இருக்கிறதுக்கு, முழுசா கல்லீரலையும் நீயே வெச்சுக்கலாம்க்கா."

ரொம்ப நேரம் சிரித்தோம். அப்புறம் அவனே சொன்னான்: "வண்டியில சிகரெட் பிடிக்கிறத அந்த மயக்க டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வீட்ல என் பொண்டாட்டிக்கே தெரியாது. ஆனா ரெண்டு பேரும் ஒரே நாள்ல படுக்கப்போறோம், இதுல போயி மறைப்பாங்களா?"

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை வெட்டி எடுத்ததை என்னுள் வைத்து, என் நெஞ்சு அந்த மேஜையிலேயே நின்றுபோனால் — அந்தப் பாதிக் கல்லீரல் குப்பைக்குத்தானே போகும்? அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நான் என்ன காரியம் பண்ணிட்டு இருக்கேன்? எனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?

மார்ச் 28, வெள்ளி

காலையில் போன் செய்தேன். மயக்க மருந்து டாக்டரே எடுத்தாள். "அன்னிக்கு இல்லைன்னு சொன்னேன். இருக்கு. நாலு மாசமா இருக்கு."

திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். "படுக்கறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது போதும்மா. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

இதயத்தின் முக்கியமான குழாயில் முக்கால்வாசி அடைப்பு. நேற்றே மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அதற்கான மருந்து ரத்தத்தை இளக்கும், அதனால் மூன்று மாதத்துக்கு மாற்று அறுவை பக்கம் போகவே முடியாது.

என் கல்லீரல் மூன்று மாதம் பொறுக்குமா என்று கேட்டேன். "பொறுக்க வைக்கப் பார்ப்போம்" என்றார் அறுவை டாக்டர்.

திரும்பும்போது வண்டியை இவர் ஓட்டினார். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான், "டாக்டர்கிட்ட மறைச்ச, சரி. என்கிட்ட எதுக்குடி மறைச்ச?" என்றார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். இரைச்சலிலேயே வாழ்ந்து பேச்சே குறைந்த மனுஷர். குரல் உடைந்துபோயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்காத குரல்.

மே 16

இந்த மாதம் இரண்டாம் முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஐந்து லிட்டர். போன வாரம், கல்லீரல் வடிகட்டாத விஷம் தலைக்கேறி, இரண்டு நாள் எனக்கு நாள் கிழமையே தெரியவில்லையாம். இவரைப் பார்த்து, "கிளட்சை மெதுவா விடுங்க" என்று மிரட்டினேனாம். கட்டிலில் உட்கார்ந்தபடி அவரும் மெதுவாக விட்டாராம்.

பீப்பாய் ஆறு கிலோ குறைத்துவிட்டான்.

மே 30

முட்டை, பருப்பு, பால். சாப்பிடு, நட. சாப்பிடு, நட. தசை வேண்டுமாம். மொட்டை மாடியில் இவர் கையைப் பிடித்துப் பத்துச் சுற்று. முழங்காலை வைத்து அழுத்தியவன் நெஞ்சை விட்டு எழுந்து போய்விட்டான்.

ஜூலை 7, திங்கள்

பதினோரு கிலோ! ஸ்கேனில் அவன் கல்லீரலில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். பழைய பெயர் இனிச் செல்லாது. வேறு யோசிக்க வேண்டும்.

டாக்டர் சொன்னார்: "நீங்க அன்னிக்கு மறைச்சே இருந்தாலும் இவருக்கு இத்தனை மாசம் ஆகியிருக்கும். உங்களுக்குத் தள்ளிப்போன நாள் எதுவும் வீணாப் போகல."

அறுவை பதினைந்தாம் தேதி.

ஜூலை 14, திங்கள்

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் திரை. தம்பி திரையை விலக்கி, "அக்கா, சின்ன வயசுல என் சைக்கிளை எடுத்துட்டு நான் இல்லைன்னு சொன்னல்ல? அந்தக் கணக்கு வேற இருக்கு" என்றான். உறங்குடா என்றேன்.

பயம் இருக்கிறது. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லை. அது எவ்வளவு லேசு!

ஜூலை 26

பேனா பிடிக்க இன்றுதான் முடிந்தது. எழுத்து எறும்பு மாதிரி.

உயிரோடு இருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதின்மூன்று மணி நேரம். பழைய ஒட்டலைப் பிரிக்கும்போதே ரத்தம் நிறையப் போயிருக்கிறது. பத்தொன்பது பை ஏற்றினார்களாம். யார் யாரோ எங்கெங்கோ கையை நீட்டிப் படுத்துக் கொடுத்த ரத்தம். ஒருவரையும் எனக்குத் தெரியாது. முன்பே தெரிந்திருந்த உறைவை உரித்தெடுத்துக் குழாயைத் திறந்திருக்கிறார்கள்.

மயக்க மருந்து டாக்டர் இன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மற்றதைச் சொன்னாள். "புதுக் கல்லீரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டதும் அதுல இருந்து குளிர்ந்த ரத்தம் நேரா இதயத்துக்கு வரும். எல்லாருக்குமே கொஞ்சம் ஆட்டம் காட்டும். உங்களுக்கு ரொம்பவே ஆட்டம் காட்டுச்சு. பிரஷர் சடார்னு விழுந்துருச்சு. ஒரு நிமிஷம்... ஒன்றரை நிமிஷம். அப்புறம் அதுவாப் பிடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது."

"அந்த அடைப்பு இருந்திருந்தா?"

என் போர்வையைச் சரிசெய்தாள். அவள் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். "ஐயோ, கை கழுவணும்மா, கிருமி" என்று இழுத்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 9

தம்பி நடந்தே என் அறைக்கு வந்தான், முகமூடியோடு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். நன்றி என்று ஆரம்பித்தேன். "சிரிக்க வைக்காத, அழவும் வைக்காத, ரெண்டுக்கும் தையல் இழுக்குது" என்றான். ஒரே கல்லீரல் இரண்டு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

இவருக்கு முந்தாநாளிலிருந்து சளி, காய்ச்சல். தொற்று எனக்கு ஆகாது என்று தாமாகவே பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு மாதமாக ராப்பகலாக என்னைப் பார்த்த மனுஷர், காய்ச்சலும் நான் தேறும்வரை காத்திருந்ததுபோல் இப்போதுதான் படுத்திருக்கிறார்.

முகமூடி போட்டுக்கொண்டு சூப் வைத்தேன். தட்டில் மாத்திரை, வெந்நீர், துண்டு. பின்னறைக்கு ஏழு படி ஏற வேண்டும். தட்டோடு, நடுவில் நிற்காமல் ஏறினேன். வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டி, நாலடி தள்ளி நின்றேன்.

"யாரு தூக்கிட்டு வந்தா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"நான்தான்."

இருமல். அப்புறம், "உப்பு கம்மியா இருந்தா திரும்பக் கூப்பிடுவேன்" என்றார்.

கூப்பிட்டார். இரண்டு தடவை.