நசுங்காத எலுமிச்சம்பழம்

ஹாலிஃபாக்ஸ், கனடா

அன்புள்ள அத்தான்,

நான் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டதா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

உங்களுக்கும் பாப்பாவுக்கும் விசா வந்துவிட்டது என்று சொன்னீர்களே, மறுநாளே காருக்குப் பனிக்கால டயர் மாட்டிவிட்டேன்! அதற்கு முன்னால், பழைய டயரில், சிக்னலில் கார் கொஞ்சம் சறுக்கியது. மழைக்கு ஹார்பர் ரோட்டில் உங்கள் பைக் வழுக்குமே, அந்த அளவுதான். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே காலையில் பனிக்கட்டி, மதியம் மழை, சாயங்காலம் வெறும் ரோடு. பனிக்கட்டியைக் கவ்வ ஆணி வைத்த டயர் உண்டு, ஆனால் வெறும் ரோட்டில் இரையுமாம். தனியாளுக்கு வருஷம் முழுக்க ஓடும் டயரே போதும் என்றார் கடைக்காரர். "பொங்கல் கழிச்சு எங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் வாராங்கல்லா!" என்று அந்த வெள்ளைக்காரரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டேன். கடைசியில், எந்தக் குளிரிலும் விறைக்காத மெத்தென்ற ரப்பர் டயராகப் பார்த்து வாங்கினேன்.

அத்தை போனில், "ஏளா, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனியா?" என்று கேட்டார்கள். ஏற்றினேன் அத்தான். ஆனால் ராத்திரி காரிலேயே கிடந்த பழங்கள் கல்லாக உறைந்து, ஒன்றுகூட நசுங்காமல் பனிக்குள் புதைந்துவிட்டன! இது செல்லுமா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பின்சீட்டில் பாப்பாவுக்குக் குழந்தை சீட்டும் மாட்டியாகிவிட்டது. கம்பளிச் சட்டை எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் பழைய சட்டை ஒன்றை மட்டும் இப்போதே பார்சலில் போடுங்கள். கார் கண்ணாடி துடைக்கத் துணி இல்லை.

ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
அனுசியா

சட்டையைத் துவைக்காமலே அனுப்புங்கள்.