துணைக்கு வந்தவளின் ரத்தம்

5.3.2007, திங்கள்

காலையிலேயே வெயில். வெறும் வயிறு. ஆத்தூரிலிருந்து முதல் பஸ், திண்டுக்கல் ஆஸ்பத்திரி. துணைக்கு மரகதம். கட்டிய நாள் முதல் காய்ச்சல் என்று ஒரு நாள்கூடப் படுக்காதவள்.

எனக்குச் சர்க்கரை, பிரஷர், பெருவிரல் வீக்கம். மூன்றுக்கும் மூன்று டாக்டர். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்ப்பதில்லை. நான் என்ன பங்கு பிரித்த வயலா?

புதிதாக வந்த டாக்டரம்மா வேறு மாதிரி. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, இன்னும் வாயில் நுழையாதது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆராய்ச்சியாம். மூன்று வியாதிக்கும் வேர் ஒன்றுதானா என்று தெரிந்துவிடுமாம்.

"நோய் இல்லாதவங்க ரத்தமும் வேணும் தாத்தா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. பாட்டி குடுப்பாங்களா?"

"தாராளமா எடுங்க. அவ ரத்தம் பூராம் காரம். குழாய் உருகிராம பாத்துக்கங்க."

நர்ஸ் சிரித்தது. மரகதம் முறைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

திரும்பும்போது பிரியாணிக் கடை வாசம். சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். ராட்சசி.

15.3.2007, வியாழன்

முடிவு வந்தது. பிரஷருக்குக் கொடுத்த மாத்திரைதான் விரல் வீக்கத்தைக் கிளப்பியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. மாற்றிவிட்டார். இத்தனை நாள் ஒருத்தன் மருந்து கொடுத்த நோய்க்கு இன்னொருத்தன் மருந்து. படித்த லட்சணம்.

பிறகு மரகதத்தின் தாள். அதில் சர்க்கரை என்னைவிட அதிகம். கொழுப்பும். கிட்னியும் பழுதாக ஆரம்பித்திருக்கிறதாம்.

"கால் மரத்துப்போகுதா பாட்டி?"

"அது கெடக்கு, ரொம்ப நாளா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏ புள்ள, ஏஞ் சொல்லல?"

"வீட்டுக்கு ஒரு நோயாளி பத்தாதாக்கும்? நீங்க பண்ற அலப்பறையையே தாங்க முடியல."

பக்கத்தில் ஆராய்ச்சிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், "இவங்க நோயில்லாதவங்க பக்கம் வரமாட்டாங்க மேடம். எடுத்துரலாம்" என்றார்.

எடுத்துவிடுவதா? அவள் என்ன அரிசியில் கிடந்த கல்லா?

"அந்தப் பக்கம் எடுத்தா இந்தப் பக்கம் சேருங்கய்யா. இல்லேன்னா எங்கிட்ட எடுத்த ரத்தத்தையும் திருப்பிக் குடுங்க. இங்கனயே உக்காந்திருப்பேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சேத்துக்கறேன் தாத்தா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. கண்ணு, காலு எல்லாம் பாத்து மருந்து ஆரம்பிப்போம்."

16.3.2007, வெள்ளி

கால் பார்த்தார்கள். உள்ளங்காலில் ஊசியால் தொட்டதே அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் வலித்தது. இரண்டு பை மருந்து.

பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு இடம் காலி.

"உக்காரு."

"உங்களுக்குத்தான் வெரல் வீக்கம். நீங்க உக்காருங்க."

"அடியே, உனக்குக் காலே செத்துக் கெடக்கு."

"நின்னா ஒண்ணும் தெரியாது."

தெரியாததுதானே வியாதி. சொன்னால் கேட்கிறாளா. சண்டை முடிவதற்குள் ஒரு மீசைக்காரன் இடையில் புகுந்து உட்கார்ந்து, தூங்கியும் போனான். தடியன்.

ஊர் வரும்வரை அவள் எந்தக் காலை ஊன்றி நிற்கிறாள் என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.