எண்ணெய் வைத்த தலை

12, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். சிங்காநல்லூரில் பஸ்ஸுக்கு அரை மணி. பீளமேடு ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள். மேரி அக்கா பிரசவ லீவு முடிந்து வரும்வரை மூளை அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. மெஷின் என் பொறுப்பு. படித்தது பயோமெடிக்கல், செய்வது தலையில் ஒயர் ஒட்டுவது.

நரம்பு டாக்டர் வருவது செவ்வாய், வெள்ளி மட்டும். இன்று ஐந்து பேர். ஐந்தாவது ஆறுச்சாமி, கருமத்தம்பட்டி, விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வலிப்பு. ஈ.ஈ.ஜி. பார்த்துத்தான் மாத்திரை என்று டாக். எழுதியிருக்கிறார்.

தலை முழுக்கத் தேங்காய் எண்ணெய். ஒயர் வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் கூடாது என்று சீட்டிலேயே இருக்கிறது, கொட்டை எழுத்தில்.

அவர் மனைவி: "பெரிய டாக்டரப் பாக்கப் போறோம், பரட்டைத் தலையோட போனா நல்லாருக்காதுன்னு நாந்தானுங்க வெச்சுச் சீவிவுட்டேன்."

ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே. "சரிங்க" என்றார்கள் இருவரும்.

மெஸ்ஸில் சாம்பார், உப்பில்லை.

13, புதன்

வெயில். டாக். இல்லாத நாள். ஒயர் கழுவ. ஸ்டோரில் ஒயர் ஒட்டும் பேஸ்ட் கேட்க. சலவைக்குத் துண்டு 6.

பேஸ்ட் விஷயமாக மேரி அக்காவுக்குப் போன். நேற்றைய கதையும் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை. "ஏந்தம்பி, இந்த ஊர்ல பாதிப்பேரு எண்ணெயோடதான் வருவாங்க. பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டு அங்கங்க தொடச்சா ஒட்டிக்கும். பத்து நிமிசம். அதுக்குப் போயி திருப்பி அனுப்பிச்சுப்போட்டியா?"

நாலு வருஷப் படிப்பில் எவனும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆறுச்சாமி நம்பருக்கு மூன்று தடவை. கடைசியில் மனைவி எடுத்தார். பின்னால் தறிச் சத்தம். இன்றே வரச் சொல்ல வாய்வரை வந்தது. வந்து? மாத்திரை எழுத டாக். இல்லை. வெள்ளிவரை அவர் தறிப் பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "சரிங்க" என்றார். போனை வைக்கும்வரை தறி நிற்கவில்லை.

14, வியாழன்

மேகமூட்டம். வேலை ஓடவில்லை. ஸ்பிரிட் பாட்டில் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. முழங்கை இடிக்கும் தூரம்.

15, வெள்ளி

முதல் ஆளாக ஆறுச்சாமி. தலையில் துண்டு. வலது கையில் பெரிய கட்டு. புதன் சாயங்காலம் தறி ஓடும்போதே வலிப்பு. சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. இதையும் தணிந்த குரலில்தான் சொன்னார் மனைவி, ஏதோ அவர்கள் பக்கத்துத் தப்பு போல.

ஆறுச்சாமி துண்டை எடுத்தார். மொட்டை.

"மறுபடியும் பிசுக்கு இருந்து நீங்க திருப்பி அனுப்பிச்சுப்போட்டா என்ன பண்றதுங்க? அதான் அடிச்சுப்போட்டோமுங்க."

ஸ்பிரிட் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எல்லா ஒயரும் முதல் தடவையே பிடித்தன. திரையில் ஊசி ஊசியாக அலை. வலிப்பின் அடையாளம், எனக்கே தெரிகிறது. செவ்வாயன்றும் இதேதான் தெரிந்திருக்கும்.

கண்ணைத் திறக்காமல் ஆறுச்சாமி கேட்டார்: "இப்பச் சரியா ஒட்டுதுங்களா?"

நல்லா ஒட்டுதுங்க என்றேன்.