இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

14-7-1965, புதன்

என் மனைவியின் தம்பி சங்கரன் தன் டாக்ஸிக்கு டர்போ பொருத்தியிருக்கிறான். அருவி நீர் பிள்ளைகளின் ஓலைக் காற்றாடியைச் சுழற்றுவது போல, எஞ்சின் புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அது எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும். விசிறி தேயாதிருக்க எஞ்சினிலிருந்தே எண்ணெய் வரும். திட்டம் நான் வரைந்தது.

இன்று செங்கோட்டை தாண்டி மலையேறிப் பார்த்தோம். சுகமாக ஏறியது. உச்சியில் சட்டென்று எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிட்டான்.

“ஏன் மாப்ளே அணைச்சே?”

“இறக்கத்துல எவன் அத்தான் பெட்ரோலை எரிக்கான்?”

எஞ்சின் நின்றதும் எண்ணெயும் நின்றது. கொதிக்கும் விசிறி வறண்டு சீறியது. திட்டம் வரைகையில் அவனுடைய இந்தப் பழக்கத்தை நான் நினைக்கவேயில்லை.

எடுத்துச் சொன்னேன், சிரித்தான். நாளை நிறைமாதப் பெண்ணொருத்தியை இதே மலை வழியே புனலூருக்கு ஏற்றிப் போகிறான். விசிறி இறுகினால் நடுமலையில் வண்டி இழுக்காது.

கண்ணை மூடினால் அந்தச் சீறல் கேட்கிறது. விடியுமுன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சாவிக்குக் கை போனால் தட்டிவிடலாம்.