எட்டாம் வசனத்துக்குப் பிறகு

ஜவ்வாது மலை
18.10.2024

அன்புள்ள தம்பி ரஞ்சித்துக்கு,

அக்கா வெண்ணிலா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் பிள்ளை எஸ்தரும் உன் மாமாவும் நல்ல சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது சட்டைக்குள் நீ இருக்கிறாயா என்று தேட வேண்டியிருந்தது. போதகராகப் படிக்கிறவன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் கேட்கக் கூடாத பேச்சு என்று நமக்குள் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

எஸ்தருக்கு மாசி மாதத்துக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் முன்பைவிட மோசமாக வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உன் மாமாவோ, உபவாச ஜெபத்தில் தான் அவள் தலையில் கைவைத்த அன்றைக்கே வலிப்பு போய்விட்டது என்கிறார். அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை வருகிறது. எல்லோரும் சாமையும் பூசணியும் கோழியும் கொண்டுவந்து ஜெபவீட்டு மேசையில் காணிக்கையாக வைப்பார்களே, அங்கே எஸ்தரின் மாத்திரைகளை வைக்கப் போகிறாராம். காணிக்கையாக வைத்ததை வைத்தவர் திரும்ப எடுக்கக் கூடாது. பூசணியானால் ஏலத்தில் யாராவது எடுப்பார்கள். மாத்திரையை யார் எடுப்பார்கள்?

"இன்னா வெண்ணிலா, ஆண்டவரு குடுத்த சொகத்த மாத்திர குடுத்துச்சுன்னு சொல்லலாமா? அவருக்கு அது அவமானம் இல்லியா?" என்கிறார். கோபமாகச் சொன்னால் நானும் சண்டைக்கு நிற்பேன். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

எல்லாம் மாற்கு பதினாறாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வைத்துத்தான். விசுவாசிக்கிறவர்கள் பாம்பைக் கையில் எடுப்பார்கள், விஷத்தைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது, நோயாளிமேல் கைவைத்தால் குணமாகும் என்று வருமே, அதை, தான் நடத்துகிற ஜெபவீட்டுச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதியே வைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அவர் வீரன் என்ற பழைய பெயரில் இருந்த காலத்தில் கெட்ட சாராயம் குடித்துக் கண் இருண்டு கிடந்தபோது, ஊழியக்காரர் அவர் காதில் வாசித்தது இந்த வசனம்தான். பிழைத்து எழுந்து யோசுவா என்று ஞானஸ்நானம் வாங்கினார். சாராயத்தை இன்றுவரை தொடவில்லை. அப்பா அம்மா இல்லாத உன்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் இப்போது சென்னையில் வேதம் படிக்க வைத்திருப்பதும் அந்த மனுஷன்தான்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அது இயேசு தம் வாயால் சொன்னதுதானா? ஆமாம் என்று எழுது, நான் வாயை மூடிக்கொண்டு நம்புகிறேன். பதிலைச் சகுந்தலா அக்கா முகவரிக்கு அனுப்பு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை, அதனால் யாரிடமும் சொல்ல மாட்டார்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்
அக்கா வெண்ணிலா


சென்னை
29.10.2024

என் அன்பு அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சாம்பார்தான் தினமும் ஒரே சாம்பார். இந்த ஆண்டு கிரேக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுத்துகளைப் பழகுவதற்குள் கண் வலி வந்துவிடுகிறது.

எஸ்தரின் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதே. டாக்டரும் கடவுள் கொடுத்த கொடைதான். நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர் என்று மாமாவுக்குத் தெரியும். ஆனாலும் பண்டிகை நேரத்தில் அவரிடம் வாக்குவாதம் செய்தால் மனம் புண்படும். அவர் வைப்பதை வைக்கட்டும். நீ சகுந்தலா அக்கா மூலம் வேறு மாத்திரை வாங்கி, அவருக்குத் தெரியாமல் கூழில் கரைத்துக் கொடுத்துவிடு. யாருக்கும் சங்கடமில்லை.

வசனத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேதத்தை மேலோட்டமாக வாசிக்கக் கூடாது, பின்னணியோடு வாசிக்க வேண்டும். அதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது நிதானமாகப் பேசலாம். அதுவரை விசுவாசத்தில் உறுதியாக இரு.

எஸ்தருக்கு என் முத்தங்கள். மாமாவிடம் நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி
ரஞ்சித்குமார்


ஜவ்வாது மலை
21.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

சாம்பார் வரைக்கும் எழுதினாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். பொய் சொல்ல வராதபோது பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். ஆமாம் என்று எழுத ஒரு வரி போதுமே, ஏன் எழுதவில்லை?

பண்டிகை முடிந்தது. உன் மாமா மாத்திரை அட்டைகளைச் சாமைக் கதிருக்கு நடுவில் வைத்துவிட்டு முழங்காலில் நின்று அழுதார். சபையே அழுதது. நானும் அழுதேன், நான் அழுதது வேறு காரணத்துக்கு. நீ சொன்னபடியே செய்துவருகிறேன். புது மாத்திரையைச் சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். உன் மாமா வெளியே போனதும் பொடித்துக் கூழில் கலக்குகிறேன்.

"அம்மா, நம்ம வூட்டுக் கூழு மட்டும் ஏம்மா கசக்குது?" என்று எஸ்தர் கேட்டாள். வெந்தயம் போட்டிருக்கிறேன் என்றேன். கட்டிய புருஷனிடம் மறைத்தது போதாது என்று பிள்ளையிடமும் பொய்.

பிள்ளைக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு எப்படி வரும்? ஆனால் உன் மாமா ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திச் சாட்சி சொல்கிறார். மாத்திரையை ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டோம், பிள்ளை எப்படி இருக்கிறாள் பாருங்கள் என்கிறார். அடுத்த மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இரண்டு பிள்ளைக்காரி தேவயானி காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். போன வாரம் அவள் இருமியபோது முந்தானையில் ரத்தம் பார்த்தேன். "எஸ்தரு மாரி நானும் விசுவாசத்துல நிக்கிறேங்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். அவளுக்குச் சாகிற வழியைக் காட்டியது என் கூழ்தான் தம்பி.

சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறக்கிறேன். இந்த வசனம் இல்லையென்றால் உன் மாமாவுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? மறுபடி சாராயத்துக்குப் போய்விட்டால்? அந்த வீரனோடு நான் வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தேவயானி. சொன்னால் இவர். நீயாவது உண்மையை எழுது. அது யார் சொன்னது?

அக்கா
வெண்ணிலா


சென்னை
3.12.2024

அன்பு அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலைந்து நாள் சுற்றினேன். பதில் எழுதக் கை வரவில்லை. இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

போன ஆண்டே எனக்குத் தெரியும். மாற்கு நற்செய்தியை வகுப்பில் நடத்தியபோது, ஆசிரியர் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளின் படத்தைத் திரையில் காட்டினார். பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிகிறது. அதற்குக் கீழே வெறும் இடம். மாமா சுவரில் எழுதியிருக்கும் வசனம் அதில் இல்லை அக்கா. அது பின்னால் யாரோ சேர்த்தது என்றுதான் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். நம் வீட்டு வேதாகமத்தில் அதைப் பற்றி ஒரு குறிப்பும் கிடையாது. மற்ற வசனங்களைப் போலவே அதுவும் அச்சாகியிருக்கிறது.

எட்டாம் வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? இயேசுவின் கல்லறைக்கு வந்து, அவர் உயிரோடு எழுந்துவிட்டார் என்று கேட்ட பெண்கள் உடம்பு நடுங்க ஓடிப்போகிறார்கள். பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடுகிறது. அப்படி முடிவதை யாராலோ தாங்க முடியவில்லை போலிருக்கிறது. அதனால் ஒரு நல்ல முடிவை எழுதிச் சேர்த்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் இன்னும் ஜெபிக்கிறார், பாடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். என்னால் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எந்தப் புத்தகம் வேதம், எது இல்லை என்று மனிதர்கள் முடிவு செய்யவே சில நூறு ஆண்டுகள் ஆயிற்று என்றும் அப்புறம் படித்தேன். அன்றிலிருந்து வேதத்தைத் திறந்தால் ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்றுதான் தேடுகிறேன். ஜெபித்தால் என் குரல் மட்டும் எனக்குக் கேட்கிறது. அடுத்த ஆண்டு படிப்பை முடித்து நம் மலைக்கே போதகராக வரப் போகிறேன் என்று மாமா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவேன்? நீ ஆமாம் என்று எழுதச் சொன்னாய். என்னால் முடியவில்லை. இல்லை என்று எழுதவும் தைரியம் வரவில்லை. அதனால்தான் சாம்பாரைப் பற்றி எழுதினேன்.

தேவயானி அக்காவை எப்படியாவது மாத்திரை சாப்பிட வை. ஆனால் நான் சொன்னதாக மாமாவிடம் சொல்லிவிடாதே. என்னை வளர்த்தவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு.

ரஞ்சித்


ஜவ்வாது மலை
12.12.2024

தம்பி ரஞ்சித்துக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அது வருவதற்கு முன்பே இங்கே எல்லாம் நடந்துவிட்டது. நடந்ததை முதலில் சொல்கிறேன், உன்மேல் இருக்கிற கோபத்தை அப்புறம் சொல்கிறேன்.

பக்கத்து நிலத்து ரங்கனை, சாமைத் தட்டையை அள்ளும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அவன் பெண்சாதி ஆம்புலன்சுக்குப் போன் போடப் போனாள். இவன்தான் தடுத்திருக்கிறான். "யோசுவா அண்ணங்கிட்ட தூக்கினு போங்க. எஸ்தருக்குச் செஞ்ச ஆண்டவரு எனக்குச் செய்ய மாட்டாரா?" என்றானாம். கட்டிலோடு தூக்கிவந்து ஜெபவீட்டில் அந்த நீல வசனத்துக்குக் கீழே கிடத்தினார்கள். உன் மாமா அவன் காலில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தார். கால் வீங்கிக்கொண்டே போனது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. சுற்றி நின்றவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒருத்தரும் கட்டிலைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். பானைக்குள் கையை விட்டு மாத்திரையை எடுத்துவந்து மேசைமேல் போட்டேன். "நான் நிறுத்தவே இல்லீங்க. தெனமும் கூழுல கரைச்சுக் குடுத்துக்கினு கீறேன். எஸ்தரு நல்லா கீறது இதனாலதான். அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றேன். கத்தினதாகத்தான் நினைத்தேன். சத்தமே வரவில்லை என்று, கூட்டத்தைப் பார்த்து வாசலில் வந்து நின்றிருந்த சகுந்தலா அக்கா பிறகு சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

உன் மாமா ஜெபத்தை நிறுத்தினார். கையை மட்டும் எடுக்கவில்லை. "எப்பலேர்ந்து?" என்றார். பண்டிகை அன்றிலிருந்தே என்றேன். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். அப்புறம் ரங்கனை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடினார் தம்பி. செருப்புகூடப் போடவில்லை. ஆம்புலன்சில் கூடவே போனார்.

ரங்கன் பிழைத்துக்கொண்டான். திருப்பத்தூரில் இருக்கிறான். சிறுநீரகம் தேற நாளாகும் என்கிறார்கள். தேவயானியைச் சகுந்தலா அக்கா கையோடு கூட்டிப்போய் மறுபடி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். உன் மாமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார், என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்க்கிறேன். இதுவரை வேர்வை நாற்றம் மட்டும்தான். நாளைக்கு என்ன நாற்றம் இருக்கும் என்று தெரியாது.

சுவரில் இருப்பதை அவர் அழிக்கவில்லை. நேற்று அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "இது இன்னா வசனம்னு ரஞ்சித்துக்குத் தெரியும் இல்ல? அவன் இன்னா சொல்றான்?" இத்தனை நாளில் அவர் பேசியது அது ஒன்றுதான். உன் கடிதம் என் ரவிக்கைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் அதை உன் வாயால் கேட்க வேண்டும்.

இப்போது கோபத்தைச் சொல்கிறேன். போன ஆண்டே தெரியும் என்கிறாய். மறைத்துக் கொடு, யாருக்கும் சங்கடமில்லை என்று எழுதினாய். அவர் மனம் புண்படக் கூடாது என்று நீயும் நானும் சேர்ந்து நல்லதாக ஒரு முடிவு செய்து வைத்தோம். அதை நம்பி ரங்கன் கட்டிலில் கிடந்தான். அந்தக் காலத்தில் வசனத்தைச் சேர்த்தவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவரும் நம்மைப் போல ஒருவர்தான்.

எட்டாம் வசனத்தை நானும் எடுத்து வாசித்தேன். நாலைந்து தடவை வாசித்தேன். நீ அங்கே ஒன்றுமில்லை என்று பயப்படுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றால் மாற்குக்கு எப்படித் தெரிந்தது? நமக்கு எப்படித் தெரிந்தது? ஒருத்தியாவது பின்னால் சொல்லியிருக்கிறாள். பயம் போன பிறகு சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் எங்கே போகிறது, எனக்கு இன்னும் போகவில்லையே. அந்த ஒருத்தியை நான் நம்புகிறேன். மற்றதெல்லாம் எனக்கும் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் போடு. உன் மாமா எப்போதும்போல ஸ்பீக்கரில் போடுவார், சபையும் சுற்றி நிற்கும். போடட்டும், நிற்கட்டும். நான் எஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எழுதியதை அவருக்குச் சொல். பயமாக இருந்தால் பயந்துகொண்டே சொல்.

அக்கா
வெண்ணிலா