தூணடியில் நீட்டிய கால்

மச்சான்,

பள்ளிவாசலில் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற வெள்ளைக் கதிரை. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிக் கீழே இருந்து தொழ வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்வதற்கு முன் இரண்டு கையாலும் என் காலைப் பிடித்தார், மடக்கினார், நீட்டினார், எங்கே நோகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பிடித்த பிடியில் காலைவிட நெஞ்சுதான் நொந்தது. இன்று மதியம் லுஹருக்குக் கதிரையில் இருந்து தொழுதேன். எனக்கு இரு பக்கமும் என்னைப் போன்ற கால்காரர்கள். உங்கள் காலத்தில் இப்படி ஒரு வரிசை கிடையாது. முன்னால் அந்தத் தூண் மட்டும் நின்றது.

உங்களுக்கு உங்கள் கதையை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் கூடப் பிறந்த ராத்தாவைக் கட்டிய நாளில் நீங்கள் இராணுவத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எழுபதுகளின் கடைசியில் முகாமுக்குள்ளேயே ஒரு சரிவில் லொறி புரண்டு வலது முழங்கால் நசுங்கியது. இந்தக் காலோடு இனிச் சேவை செய்ய முடியாது என்று எழுதி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனக் கொடுப்பனவு கேட்டதற்கு, இந்தக் காலோடு எந்த வேலையும் செய்யலாம் என்று பதில் வந்தது. கால் ஒன்றுதான், அரசாங்கமும் ஒன்றுதான். வெளியே தள்ளும்போது முடம், கேட்டு நிற்கும்போது சுகதேகி.

நம் ஊரில் பெண்பிள்ளை பெற்றவன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். உங்கள் மூத்த மகளுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். இராணுவத்தில் கொடுத்து அனுப்பிய காசில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. மீதிச் சுவரும் கூரையும் அந்தக் கொடுப்பனவை நம்பித்தான் நின்றன. அதனால் மேன்முறையீடு போட்டோம்.

மனு போய் ஒரு மழைக்காலம் கழிந்தது. ஒருநாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். உங்கள் நடமாட்டம் எப்படி என்று ஊரில் விசாரித்து அறிக்கை கொடுப்பது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்து உங்களைப் பார்ப்பது அந்த வேலையில் சேரவில்லை போலிருக்கிறது. நேரே நமது குடி மரைக்காரிடம் போனார். நம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசலில் பொறுப்பானவர், கேட்டால் அவர்தானே சொல்ல வேண்டும். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மரைக்கார் முகமெல்லாம் சிரிப்பாக நம் வாசலில் வந்து நின்றார்.

"வந்த மனிசனுக்கு நல்ல வடிவாச் செல்லி அனுப்பிரிக்கன். அஞ்சு வக்தும் முதல் வரிசையில நிப்பார், ஒரு குறையுமில்லாத ஆள் எண்டன்."

ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "குறையிரிக்கி எண்டுதானே மரைக்கார் மனுப் போட்டது?"

"புள்ள, கட்டிக் குடுக்கக் கொமருகள் இரிக்கிற வீடு. நம்மட குடி ஆம்புளைய நொண்டி எண்டு வெளியாளுக்கு நான் செல்லுறதா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் கண்ணால் அடக்கிவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மரைக்கார்" என்றீர்கள். அவரும் குடித்துவிட்டுத்தான் போனார், சீனி குறைவென்று சொல்லிக்கொண்டு.

முதல் வரிசைக்கு நீங்கள் ஏன் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். தூண் அங்கேதான் இருந்தது. பாங்கு சொல்ல முன்பே போய் அந்த ஓரத்து இடத்தைப் பிடிப்பீர்கள். நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போகும்போது வலது காலைப் பக்கவாட்டில் தூணடிக்கு நீட்டிவிட்டு, கையை ஊன்றி இறங்குவீர்கள். எழும்பும்போது தூணைக் கட்டிப் பிடிப்பீர்கள். ஊர் இதைப் பக்தி என்று நினைத்தது. பக்தியும் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

மேன்முறையீட்டு விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். வியாபாரத்துக்குப் பிடவைத் துணி எடுக்கப் போய்ப் பழகியவன் என்று நானும் கூட வந்தேன். நடைவழியில் நீள வாங்கில் பழைய சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விரல் போன ஒருவர், உள்ளே நுழையும்போது கதவடியில் விழுந்துவிடு என்று உங்களுக்குப் புத்தி சொன்னார். நமக்கு முன்னால் ஒரு கை இல்லாதவரைக் கூப்பிட்டார்கள். மற்றக் கையால் எழுத முடியுமா என்று கேட்டார்களாம், முடியும் என்று சொன்னாராம். சந்தோஷமாக வெளியே வந்து நம்மிடம் சொன்னார். பாவம், தன் வாயால் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்களோடு நானும் உள்ளே வந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் டொக்டர். டொக்டர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. உங்கள் சாரனை உயர்த்திக் காட்டுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அறிக்கையை வாசித்தார். பிறகு சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐந்து வேளையும் முதல் வரிசையில் தொழுகிறீர்களாம். நெற்றியைத் தரையில் வைத்துத்தானே தொழுவது? அதை இங்கே ஒருமுறை செய்து காட்டுங்கள், பார்ப்போம்."

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். மேசைக்கு அடியில் மூன்று சோடி சப்பாத்துகள் தெரிந்தன.

"அந்த இடத்தில் உங்கள் கால்கள் இருக்கின்றன, சேர்" என்றீர்கள்.

நடுவில் இருந்தவர் சிரித்தார். "அதற்கென்ன, உள்ளே இழுத்துக்கொள்கிறோம்" என்றார். மூவரும் கால்களை இழுத்துக்கொண்டார்கள். ஒரு பூனைக்கு வழிவிடுவதுபோல்.

நான் உங்கள் காதுக்குள் சொன்னேன். "மச்சான், மனசில தொழுற நிய்யத் இல்லாமக் குனிஞ்சா அது சுஜூது இல்ல, எக்சசைஸ். காலை நீட்டிக் குனிங்க. கண்ணால பார்த்தாங்க எண்டா முடிஞ்சுது."

"நிய்யத் இரிக்கிறதுதான் கரைச்சல் மச்சான்" என்றீர்கள். "காசுக்குக் குனியிற நிய்யத். மூணு மனிசன்ட காலடியில."

பிறகு அவர்களிடம் சிங்களத்தில், காலை எப்படி வேண்டுமானாலும் பிடித்துப் பாருங்கள், வெட்டித்தான் பாருங்கள், தொழுகையை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள் என்றீர்கள். டொக்டர் ஏதோ எழுதினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் அன்று குனிந்திருந்தால் வென்றிருப்பீர்கள். அந்தக் கால் மடங்காமல் கட்டைபோல் கிடப்பதைக் குருடனும் கண்டிருப்பான். திரும்பிவரும் பஸ்ஸில் கண்டி தாண்டும்வரை நான் உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் நடைவழியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் ஏசிக்கொண்டு அதைத் தாண்டிப் போனான்.

முடிவு வந்தது. மனுதாரர் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை, மேன்முறையீடு தள்ளுபடி, இதற்கு மேல் முறையிட இடமில்லை. நிந்தவூர்க்காரர்கள் ஒருநாள் வந்து ஜன்னல் மட்டத்துச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அடுத்த மாதமே அந்த மாப்பிள்ளை கூரை போட்ட வீடொன்றுக்குப் போய்விட்டார். மூத்தவள் அந்தச் சுவருக்குள் கத்தரியும் மிளகாயும் நட்டாள். நீங்கள் அதற்கும் தண்ணீர் ஊற்றினீர்கள், ஒரு காலில் நின்று. அவள் அதன் பிறகு உங்களோடு அதிகம் கதைக்கவில்லை. அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதும் இல்லை.

சில வருடத்தில் நெஞ்சு அடைத்து மௌத்தானீர்கள். மையித்தைக் குளிப்பாட்ட நான் நின்றேன், பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் நின்றார். குடியின் பெரியவர் என்று மரைக்காரும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். உடம்பு விறைக்கும் முன் கை கால்களை மெல்ல மடக்கி இளக்குவது முறை. கைகள் மடங்கின. இடது கால் மடங்கியது.

"மத்தக் காலையும் மடக்குங்க" என்றார் மோதினார்.

நான் பிடித்தேன். முழங்காலில் எலும்பு ஒன்றோடொன்று ஒட்டி, கல்லை வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. உங்களோடு இத்தனை வருடம் இருந்தும் அதை நான் தொட்டது அன்றுதான்.

"விடுங்க, நான் பாக்கன்" என்று மரைக்கார் என்னை விலக்கினார். இரண்டு கையாலும் பிடித்தார். மெதுவாக அழுத்தினார், பிறகு கொஞ்சம் பலமாக. மூச்சு வாங்கியது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது மடங்காது" என்றார்.

"ஓம் மரைக்கார்" என்றேன். "மடங்காது."

மரைக்கார் தண்ணீரை எடுத்து அந்த முழங்காலில் மூன்று தடவை ஊற்றினார். நான் அழவில்லை. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உங்களுக்கு மறைத்து என்ன செய்ய.

மரைக்காரும் பிறகு மௌத்தாகிவிட்டார். டொக்டர் என் காலை மடக்கி நீட்டியபோது உங்கள் முழங்காலின் அந்தக் கல் என் கைக்குள்தான் இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது. இமாம் இன்று என் கதிரையை முன்னால் தூணுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார், வயதுக்கு மரியாதை. நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஏன் என்று கேட்டார்.

"அங்க ஒருத்தர் காலை நீட்டுவார்" என்றேன்.