கோஸ்டிக்குக்குப் பிறகு அசிட்

கொட்டாஞ்சேனை,
2023 மார்ச் 6

அன்பு மருமகன் சாந்தனுக்கு,

மாமா சவுந்தரநாயகம் எழுதுவது. நான் நல்ல சுகம். ஆள் இளமையாகிக்கொண்டு போகிறார் என்று தெருவே கதைக்கிறது. போனில் உன் நம்பரை நான் மறித்து வைத்திருப்பதால் கடிதம் போட்டிருக்கிறாய். நல்லது, கையெழுத்தாவது திருந்தும்.

கொலன்னாவைத் தொழிற்சாலையில் நீ வடிக்கிற ஸ்பிரிட் முழுக்க வாழைப்பழம் மணக்குதாம். சென்ட் கொம்பனிக்காரன் நாற்பது டிரம்மைத் திருப்பிவிட்டானாம். இந்த முறையும் பிழை விட்டால் உன் வேலை போகுமாம். அடடா!

இருபத்திரண்டு வருஷம் அங்கே ஸ்பிரிட் வடித்தவன் நான். ஜெர்மனியிலிருந்து வந்த இஞ்சினியர், "மிஸ்டர் நாயகம், இந்த மூக்குக்கு இன்சூரன்ஸ் எடும்" என்று கையைப் பிடித்துச் சொன்னவன். கொரோனாவோடு அந்த மூக்குக்கு மணம் தெரியாமல் போய்விட்டது என்று மனேஜரிடம் ஓதினது யார்? நான் வேலையில் சேர்த்துவிட்ட, என் தங்கச்சி பேர்ணடெற்றின் மகன். மறுகிழமை நான் வீட்டில், என் கதிரையில் நீ.

போகட்டும், மாமாவுக்குப் பெரிய மனசு. கேள். அந்த மணம் எஸ்டர். கோஸ்டிக் சோடா கரைத்து ஊற்றிச் சூடாக்கினால் எஸ்டர் உடைந்து உப்பாகும். உன் புத்தகத்தில் அதுவரைதான் இருக்கும். அதற்குப் பிறகு பற்றரி அசிட் ஊற்று, தாராளமாக. பிறகு வடி. பளிங்கு மாதிரி வரும். நாற்பது டிரம்மையும் ஒரே தடவையில் செய்.

ஆசீர்வாதத்துடன்,
மாமா

கல்கிசை,
2023 மார்ச் 15

மாமாவுக்கு,

நாற்பது டிரம்மில் செய்யவில்லை. முதலில் ஒரு போத்தலில் செய்து பார்த்தேன். கோஸ்டிக்கால் போன மணம், அசிட் ஊற்றிக் கொதிக்க வைத்ததும் திரும்பி வந்தது. அசிட் அந்த உப்பைத் திரும்பவும் எஸ்டராக்கிவிடுகிறது. அசிட்டை விட்டுவிட்டு வடித்தேன். உப்பு அடியில் நின்றது, ஸ்பிரிட் சுத்தமாக வந்தது. நாற்பதும் முடிந்தது.

மூக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். டிரம் ஒழுகிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் மணம் தெரியாமல் நீங்கள் நெருப்புக்குச்சி தட்டப் போனீர்கள். உள்ளே பதினொரு பேர் நின்றோம்.

உங்களிடம் கேட்கச் சொன்னவர் மனேஜர். "மனுசன் சரியாச் சொன்னா திரும்பக் கூப்பிடுவம். மூக்கு வேணாம், அனுபவம் போதும்" என்றார். வேலைக் கடிதம் அடித்து மேசையில் வைத்திருந்தார். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வேலைக் கடிதத்தைக் கிழித்தார்.

கொடுக்காமலும் விட்டிருக்கலாம். கொடுத்தேன்.

சாந்தன்

கொட்டாஞ்சேனை,
2023 மார்ச் 17

என் தங்க மருமகனுக்கு,

சபாஷ்! அது பரீட்சையடா! போத்தலில் பார்க்கிற புத்தி இருக்கா என்று சோதித்தேன். நூற்றுக்கு நூறு! மனேஜரிடம் இதை அப்படியே சொல், விழுந்து விழுந்து சிரிப்பார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன். புதுக் காவல்காரனுக்கு என்னைத் தெரியாது. நீ வந்து கூட்டிப்போ.

அன்பு மாமா

கொட்டாஞ்சேனை,
2023 மார்ச் 21

சாந்தன்,

நேற்றும் நின்றேன், இன்றும் நின்றேன். மேல்மாடி ஜன்னலில் நீ நின்று பார்த்தாய்.

மூக்குத்தான் போனது. கண் நல்லாய்த் தெரிகிறது.

சவுந்தரநாயகம்